ஒலிவியா கோல்மன் 45 வயதில் திடீரென்று வந்தவரா?

கேள்வி இதுதான்: ‘தி கிரவுன்’ தொடரில் எலிசபெத் ராணியாக நடித்த ஒலிவியா கோல்மனுக்கு 2019-ல் ‘தி ஃபேவரிட்’ படத்துக்காகச் சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் கிடைத்தபோது வயது 45. அதுவரை அவர் பெரும்பாலும் டிவியில்தான் இருந்தார், அதுவும் காமெடியில். அங்கிருந்து எப்படி இந்த இடத்துக்கு வந்தார்? அதிர்ஷ்டமா, இல்லை யாரோ தாமதமாகக் கண்டுபிடித்த திறமையா?

இரண்டையும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வெளிநாட்டில் இருப்பவர்களுக்குத்தான் அவர் திடீரென்று முளைத்தவர். பிரிட்டனில் 2003-க்குப் பிறகு டிவி போட்டால் ஏதாவது ஒரு சேனலில் அவர் முகம் தெரிந்துகொண்டே இருந்தது. டிவி நடிகை சினிமாவுக்குப் போனார் என்று சொல்லும்போது, கீழே இருந்தவர் மேலே ஏறினார் என்ற எண்ணம் நமக்குத் தானாக வந்துவிடுகிறது. பிரிட்டனில் அந்த மேல்-கீழ் அவ்வளவு பெரிதில்லை. அதற்கு ஒரு காரணம் பணம். யார் காசில் இந்தப் படங்கள் எடுக்கப்படுகின்றன என்று பார்த்தால் பாதி புரிந்துவிடும். அதைப் பிறகு சொல்கிறேன்.

ஆரம்பத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1974 ஜனவரி 30, இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியில் உள்ள நார்விச்சில் பிறந்தார். அப்பா சர்வேயர், அம்மா நர்ஸ். உண்மைப் பெயர் சாரா. நடிகர் சங்கமான ஈக்விட்டியில் ஒரே பெயரில் இரண்டு பேர் இருக்கக் கூடாது; அங்கே ஏற்கெனவே ஒரு சாரா கோல்மன் இருந்ததால் இவர் ஒலிவியா ஆனார். 16 வயதில் பள்ளி நாடகத்தில் நடித்தது முதல் அனுபவம். பிறகு ஆசிரியைப் பயிற்சிக்காக கேம்பிரிட்ஜில் உள்ள ஹோமர்டன் கல்லூரியில் சேர்ந்தார், ஒரு பருவத்தோடு விட்டுவிட்டார். படிப்பு நிலைக்கவில்லை, ஆனால் அங்கே இருந்த ஃபுட்லைட்ஸ் என்ற மாணவர் நாடகக் குழு அவருக்கு மூன்று பேரைக் கொடுத்தது: டேவிட் மிட்செல், ராபர்ட் வெப், பிற்பாடு கணவரான எட் சின்க்ளேர். அப்புறம் பிரிஸ்டல் ஓல்ட் விக் நாடகப் பள்ளியில் படித்து 1999-ல் வெளியே வந்தார்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போனால் நேர்மையாக இருக்காது. வீடுகளைச் சுத்தம் செய்து பிழைத்த பெண் ஆஸ்கர் வாங்கினார் என்று பலர் எழுதுகிறார்கள். அவர் அந்த வேலை செய்தது உண்மை. ஆஸ்கர் மேடையிலேயே அதைக் குறிப்பிட்டு, அந்த வேலை தனக்குப் பிடித்திருந்தது என்றும் சொன்னார். ஆனால் அவர் படித்தது கட்டணம் வாங்கும் தனியார் பள்ளிகளில். முதல் வாய்ப்புகள் வந்தது கேம்பிரிட்ஜ் நண்பர்கள் வழியாக. பிரிட்டிஷ் காமெடி உலகில் ஃபுட்லைட்ஸுக்கு இருக்கும் செல்வாக்கு கொஞ்சநஞ்சமில்லை. ஜான் கிளீஸ், எம்மா தாம்சன், ஹ்யூ லாரி என்று அங்கிருந்து வந்தவர்களின் வரிசை நீளம். கோல்மனின் திறமையை இது குறைக்காது. ஏழ்மையிலிருந்து எழுந்த கதையாக அதைச் சொல்வதுதான் தவறு.

2000-ல் பிபிசியில் ‘புரூசர்’ என்ற ஸ்கெட்ச் காமெடியில், அதாவது குட்டிக் குட்டிக் காமெடிக் காட்சிகளின் தொகுப்பில், முதல் வாய்ப்பு. 2003-ல் சேனல் 4-ல் ‘பீப் ஷோ’ தொடங்கியது. என்னைக் கேட்டால் அவருடைய உண்மையான பயிற்சிக்கூடம் இதுதான். ஆனால் அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதை ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள்.

‘பீப் ஷோ’ எடுக்கப்பட்ட விதமே வேறு. எல்லாக் காட்சிகளும் ஏதாவது ஒரு பாத்திரத்தின் கண் வழியாகத்தான் வரும். மார்க் (மிட்செல்), ஜெரமி (வெப்) என்ற இரண்டு உருப்படாத இளைஞர்கள் ஒரே ஃபிளாட்டில் இருக்கிறார்கள். அவர்கள் மனதில் ஓடுவது நமக்குக் கேட்கும், அவர்கள் பார்ப்பது நமக்குத் தெரியும். கோல்மன் நடித்தது சோஃபி. மார்க் ஆபீஸில் காதலிக்கும் பெண். மார்க்கோடு பேசும்போது அவர் மார்க் முகத்தைப் பார்த்துப் பேச முடியாது. கேமரா லென்ஸைப் பார்த்துத்தான் பேச வேண்டும். லென்ஸ் சிரிக்காது, பதிலுக்கு முகத்தைச் சுளிக்காது. எதிரே உயிருள்ள ஆள் இருப்பது போன்ற நெருக்கத்தை அந்தக் கண்ணாடித் துண்டிடம் காட்ட வேண்டும். முகமோ திரை முழுக்க நிறைந்திருக்கும், ஒளிய இடமே இல்லை. இதை வருடக்கணக்கில் செய்த ஒருவருக்கு க்ளோசப் என்றால் பயம் போய்விடும். பின்னால் ‘தி ஃபேவரிட்’ படத்தில் ஒரு காட்சி வருகிறது. ராணி சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி தன் தோழி நடனமாடுவதைப் பார்க்கிறாள். கேமரா மெதுவாக அவள் முகத்தை நெருங்குகிறது. வசனமே இல்லை. ரசிப்பு வாட்டமாகி, வாட்டம் பொறாமையாகி, பொறாமை கோபமாவதை அந்த ஒரே முகத்தில் பார்க்கிறோம். அந்தக் காட்சியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு சோஃபிதான் நினைவுக்கு வருவாள்.

சோஃபி எழுதப்பட்ட விதமும் அவருக்கு உதவியது. ஆரம்பத்தில் அவள் மார்க் கனவு காணும் சாதாரண, இனிமையான பெண். போகப்போக அவளும் அந்த இரண்டு பேரைப் போலவே சிதைந்து, குடித்து, கசந்துபோகிறாள். நான்காவது சீசன் கடைசியில் வரும் கல்யாணக் காட்சியில் அவள் அழுவதைப் பார்த்துச் சிரிப்பதா, கண்ணைத் துடைப்பதா என்று தெரியாமல் உட்கார்ந்திருப்போம். எழுதியவர்கள் ஜெஸ்ஸி ஆர்ம்ஸ்ட்ராங்கும் சாம் பெய்னும். இதில் ஆர்ம்ஸ்ட்ராங் பிற்பாடு ‘சக்ஸஷன்’ தொடரை உருவாக்கியவர்.

அதே காலத்தில் ‘கிரீன் விங்’ தொடரில் ஆஸ்பத்திரி ஊழியை, கார் இன்ஷூரன்ஸ் விளம்பரத்தில் பெவ், 2007-ல் ‘ஹாட் ஃபஸ்’ படத்தில் ஆபாச ஜோக் அடிக்கும் போலீஸ்காரி என்று வேலை வந்துகொண்டே இருந்தது. வேலைக்குப் பஞ்சமில்லை, ஆனால் எல்லாம் ஒரே அச்சு. மிட்செலும் வெப்பும் என்ன செய்தாலும் கூட இருப்பவர் என்ற முத்திரை விழுந்துகொண்டிருந்தது. ஏஜென்ட் எச்சரித்ததும் அவர்களுடைய ஸ்கெட்ச் நிகழ்ச்சியிலிருந்து விலகினார். ‘பீப் ஷோ’வில் மட்டும் 2015-ல் அது முடியும்வரை அவ்வப்போது தலைகாட்டினார். நெருங்கிய நண்பர்கள், உறுதியான வருமானம், இரண்டையும் விட்டு நகர்வது சின்ன விஷயமில்லை.

சரி, திருப்பத்துக்கு வருவோம். ஆஸ்கர் தந்த படத்தைத் திருப்பம் என்று நான் சொல்ல மாட்டேன். திருப்பம் 2011-ல் வந்த ‘டைரனோசார்’. ‘ஹாட் ஃபஸ்’ படத்தில் பேடி கான்சிடைன் என்ற நடிகரும் இருந்தார். அவருக்கு இயக்குநராகும் ஆசை. 2007-ல் ‘டாக் ஆல்டுகெதர்’ என்ற குறும்படம் எடுத்தபோது கோல்மனை அழைத்தார். அது பிரிட்டனின் பெரிய சினிமா, டிவி விருதான பாஃப்டாவை வாங்கியது. அதையே விரித்து முழுநீளப் படமாக்கினார். லீட்ஸ் நகரம், கோபத்தில் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும், மனைவியை இழந்த ஒருவர், பழைய பொருள்களை விற்றுத் தொண்டுக்குப் பணம் திரட்டும் கடையில் வேலை பார்க்கும் பக்திமிக்க ஹன்னா (கோல்மன்). அவள் வீட்டில் கணவனிடம் என்ன அனுபவிக்கிறாள் என்பது மெல்ல மெல்லத் தெரியவரும். கோல்மனைச் சிரிப்பு நடிகையாக மட்டும் அறிந்தவர்கள் அரண்டுபோனார்கள். அமெரிக்காவில் சன்டான்ஸ் விழாவில் அவருக்கும் உடன் நடித்த பீட்டர் மலனுக்கும் சிறப்பு ஜூரி விருது கிடைத்தது; பிரிட்டிஷ் சுயாதீனப் பட விருதுகளில் சிறந்த நடிகையும் அவரே.

ஆனால் பாஃப்டா அந்த நடிப்புக்கு ஒரு பரிந்துரைகூடத் தரவில்லை. அப்போதே இது பெரிய புகைச்சலைக் கிளப்பியது. 2012 பாஃப்டா இரவில் இன்னொரு வேடிக்கையும் நடந்தது. சிறந்த நடிகை விருது ‘தி அயர்ன் லேடி’யில் மார்கரெட் தாட்சராக நடித்த மெரில் ஸ்ட்ரீப்புக்குப் போனது. அந்தப் படத்தில் தாட்சரின் மகள் கரோலாக, ஒட்டுமூக்கு வைத்துக்கொண்டு நடித்தவர் நம் கோல்மன். ஸ்ட்ரீப் மேடையில் அவரைத் தனியாகப் பெயர் சொல்லிப் பாராட்டினார்.

இப்போது அந்தப் பண விஷயம். ‘பீப் ஷோ’வும் ‘கிரீன் விங்’கும் வந்தது சேனல் 4-ல். அந்த சேனல் 1982-ல் தொடங்கியது. உரிமை பொதுமக்களுடையது, வருமானம் விளம்பரத்திலிருந்து. புதிதாக எதையாவது முயற்சி செய்து பார்ப்பது அதற்குச் சட்டப்படியே ஒரு கடமை. அந்த சேனலின் சினிமாப் பிரிவுதான் ஃபிலிம்4. ‘டைரனோசார்’ படத்துக்குப் பணம் போட்டவர்களில் ஃபிலிம்4-ம் உண்டு. ‘தி அயர்ன் லேடி’யிலும் உண்டு. இயக்குநர் யோர்கோஸ் லாந்திமோஸ் முதன்முதலில் கோல்மனை வைத்து எடுத்த ‘தி லாப்ஸ்டர்’ (2015), ஆஸ்கர் தந்த ‘தி ஃபேவரிட்’ (2018), இரண்டிலும் உண்டு. அதாவது 2003-ல் அவரைக் காமெடியில் பார்த்த நிறுவனமே 15 வருடம் கழித்து அவரை ராணியாக்கிய படத்துக்கும் காசு போட்டது. பிபிசிக்கும் இதுபோல சினிமாப் பிரிவு இருக்கிறது. ஆகவே பிரிட்டனில் டிவியிலிருந்து சினிமாவுக்குப் போவது பல நேரங்களில் ஒரே அலுவலகத்தில் பக்கத்து அறைக்குப் போவது மாதிரிதான்.

இது கோல்மனுக்கு மட்டும் நடந்ததில்லை. ஜூடி டென்ச்சுக்கு முதல் ஆஸ்கர் பரிந்துரை வாங்கித் தந்த ‘மிஸஸ் பிரவுன்’ (1997) பிபிசி தன் டிவிக்காக எடுத்த படம். பிறகுதான் தியேட்டருக்குப் போனது. அந்தக் காலம் முழுக்க டென்ச் ஒரு பிபிசி காமெடித் தொடரிலும் நடித்துக்கொண்டிருந்தார். ஹெலன் மிரன் 1991-லிருந்து டிவியில் துப்பறியும் அதிகாரியாக வந்துகொண்டிருந்தார். ‘தி குயின்’ வந்ததும் அந்தத் தொடர் முடிந்ததும் ஒரே வருடம், 2006. டிவியில் நடித்தால் தன் மதிப்பு குறையும் என்ற பயம் அங்கே நடிகைகளுக்கு இல்லை. தொடர்கள் சின்னதாக இருப்பதும் ஒரு காரணம். ‘பீப் ஷோ’ ஒரு சீசனுக்கு ஆறே அத்தியாயம். மிச்ச மாதங்களில் ஒரு நாடகம், ஒரு படம், ஒரு விளம்பரம் என்று செய்யலாம். ஒரே பாத்திரத்தில் வருடம் முழுக்க மாட்டிக்கொண்டால் ஹன்னாவாக மாற நேரம் ஏது?

‘டைரனோசார்’ போட்டி விழாக்களில் பேசப்பட்டது, தியேட்டரில் கூட்டம் சேரவில்லை. பார்த்த கொஞ்சம் பேர் சரியான ஆட்களாக இருந்தார்கள் என்பதுதான் முக்கியம். நாடகத் தொடர்களுக்கு நடிகர் தேர்வு செய்பவர்கள் அவரை வேறு கண்ணால் பார்க்கத் தொடங்கினார்கள். அதற்காக அவர் காமெடியை உதறிவிடவும் இல்லை. ‘ரெவ்’ தொடரில் கிழக்கு லண்டன் பாதிரியாரின் பொறுமையிழந்த மனைவி. லண்டன் ஒலிம்பிக்ஸ் ஏற்பாட்டாளர்களைக் கிண்டலடித்த ‘ட்வென்டி ட்வெல்வ்’ தொடரில் தன் மேலதிகாரி மீது வெளியே சொல்லாத காதலோடு கோப்புகளை அடுக்கும் உதவியாளர் சாலி. 2013 பாஃப்டா டிவி விருதுகளில் ஒரே இரவில் இரண்டு விருது: சாலிக்காகக் காமெடியில் ஒன்று, எழுத்தாளர் ஜிம்மி மெக்கவர்னின் ‘அக்யூஸ்ட்’ தொடரில் நடித்ததற்காகத் துணை நடிகை பிரிவில் ஒன்று. அவர் இரண்டு பக்கமும் நிற்கக்கூடியவர் என்பதற்கு அதைவிட நல்ல அத்தாட்சி வேண்டாம்.

அதே 2013-ல் ஐடிவி சேனலில் ‘பிராட்சர்ச்’ தொடர். கடலோரச் சிற்றூரில் 11 வயதுச் சிறுவன் கொல்லப்படுகிறான். கோல்மன் நடித்த எல்லி மில்லர் அந்த ஊரிலேயே வளர்ந்த போலீஸ் அதிகாரி. தனக்கு வர வேண்டிய பதவி உயர்வு வெளியூரிலிருந்து வந்த ஹார்டிக்குப் போய்விட்ட எரிச்சலில் இருப்பவள். ஹார்டியாக வரும் டேவிட் டெனன்ட் முறைத்துக்கொண்டே இருப்பார், கோல்மன் எல்லோருக்கும் டீ கொடுத்து நலம் விசாரிப்பார். முதல் சீசனின் கடைசி அத்தியாயத்தை ஒரு கோடி அளவில் மக்கள் பார்த்தார்கள். அதில் உண்மை தெரியவரும்போது அவர் உடம்பே மடங்கிப்போவதைப் பார்க்க வேண்டும். கொலையாளி யார் என்று நான் சொல்லப்போவதில்லை, இன்னும் பார்க்காதவர்கள் இருக்கிறார்கள். இதற்கு 2014-ல் சிறந்த நடிகைக்கான பாஃப்டா கிடைத்தது. நாடு முழுக்க வீட்டுக்கு வீடு தெரிந்த நடிகையானது அப்போதுதான்.

2016-ல் ‘தி நைட் மேனேஜர்’ தொடர். ஜான் லெ காரேயின் நாவலில் பர் என்ற உளவு அதிகாரி ஓர் ஆண். தொடரில் அவரைப் பெண்ணாக்கினார்கள். கோல்மன் அப்போது மூன்றாவது குழந்தையைச் சுமந்துகொண்டிருந்தார். சாதாரணமாக இந்த நிலையில் நடிகையை மாற்றிவிடுவார்கள், இல்லையென்றால் கோட்டுக்குள் வயிற்றை மறைப்பார்கள். இங்கே பாத்திரத்தையே கர்ப்பிணியாக்கிவிட்டார்கள். ஆயுத வியாபாரியைத் துரத்தும் உளவு அதிகாரி வயிற்றைத் தாங்கிக்கொண்டு நடப்பது தொடருக்கே ஒரு தனி எடையைக் கொடுத்தது. அமெரிக்காவின் கோல்டன் குளோப் விருது கிடைத்தது, அமெரிக்கர்களுக்கு அவர் பெயர் பரிச்சயமானது. அதே வருடம் ‘ஃபிளீபேக்’ தொடரில் சிரித்துக்கொண்டே ஊசி குத்தும் ஞானத்தாயாகவும் வந்தார். நல்லவராகவே நடிப்பவர் என்ற பெயர் அதோடு போனது.

‘தி ஃபேவரிட்’ பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். 1702 முதல் 1714 வரை ஆண்ட ஆன் ராணி, 17 முறை கருவுற்றும் ஒரு பிள்ளையும் மிஞ்சாதவர். கோல்மன் அதற்காக எடையைக் கூட்டினார். ராணி அழுகிறாள், கத்துகிறாள், கேக்கை வாயில் திணித்து வாந்தி எடுக்கிறாள். ஒரு கணம் கேலிச்சித்திரம், அடுத்த கணம் துக்கத்தில் உடைந்த தாய். காமெடியின் நேரக்கணக்கு கைவராதவர் இதைச் செய்திருந்தால் முதல் பாதி அசட்டுத்தனமாகவும் இரண்டாம் பாதி அழுமூஞ்சித்தனமாகவும் போயிருக்கும். வெனிஸ் விழாவில் சிறந்த நடிகை விருது, கோல்டன் குளோப், பாஃப்டா, எல்லாம் வரிசையாக வந்தன. ஆனாலும் ஆஸ்கரில் அமெரிக்க நடிகை க்ளென் க்ளோஸ்தான் வெல்வார் என்று எல்லோரும் நினைத்தார்கள். படத்துக்கு 10 பரிந்துரைகள், கிடைத்த ஒரே ஆஸ்கர் கோல்மனுடையது.

‘தி கிரவுன்’ தொடரின் ராணி எலிசபெத் வேடம் அவருக்கு நேர் எதிரான சவால். கோல்மன் சட்டென்று அழுதுவிடும் சுபாவம். எலிசபெத்தோ வெளியே எதையும் காட்டாதவர். 1966-ல் வேல்ஸின் அபர்ஃபான் கிராமத்தில் நிலக்கரிக் கழிவு மலை சரிந்து பள்ளியை மூடி 116 குழந்தைகள் உட்பட 144 பேர் இறந்த சம்பவத்தை மூன்றாவது சீசனில் காட்டினார்கள். அந்தக் காட்சிகளில் அவருக்கு அழுகை வந்துகொண்டே இருந்ததால், காதில் ஒரு சின்ன இயர்ஃபோன் வைத்து, கப்பல்களுக்காக வானொலியில் வாசிக்கப்படும் கடல் வானிலை அறிக்கையைப் போட்டுவிட்டார்கள். அந்தச் சலிப்பூட்டும் குரலைக் கேட்டுக்கொண்டே முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டார். நடிப்பு என்பது உணர்ச்சியில் மூழ்குவது என்று பாடம் நடத்துபவர்களுக்கு இதைச் சொல்லிக்காட்டலாம். 2021-ல் இந்த வேடத்துக்கு அமெரிக்க டிவி விருதான எம்மியும் வந்தது. எனக்கு அவருடைய எலிசபெத்தைவிட முதலில் நடித்த கிளேர் ஃபோயின் எலிசபெத்தே பிடிக்கும். கோல்மன் பூட்டிவைத்த முகத்தைவிடத் திறந்த முகத்தில்தான் பலம் உள்ளவர்.

அதற்குப் பிந்தைய பட்டியல் நீளமானது, முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். ‘தி ஃபாதர்’, ‘தி லாஸ்ட் டாட்டர்’ இரண்டுக்கும் ஆஸ்கர் பரிந்துரை. டிவியை அவர் விடவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது. கணவர் எட் சின்க்ளேர் எழுதிய ‘லேண்ட்ஸ்கேப்பர்ஸ்’ (2021), பதின்பருவக் காதல் கதையான ‘ஹார்ட்ஸ்டாப்பர்’ தொடரில் ஒரு சின்ன அம்மா வேடம், ‘தி பேர்’ தொடரில் சில நிமிடங்கள். கணவரோடு சேர்ந்து சவுத் ஆஃப் தி ரிவர் பிக்சர்ஸ் என்ற தயாரிப்பு நிறுவனமும் நடத்துகிறார். ‘விக்கெட் லிட்டில் லெட்டர்ஸ்’ அதில் வந்ததுதான். ஆனாலும் சம்பளத்தில் சமநிலை வரவில்லை. தான் ஆணாக இருந்திருந்தால் இதைவிட மிக அதிகமாக வாங்கியிருப்பேன் என்று 2024-ல் ஒரு டிவி பேட்டியில் வெளிப்படையாகவே சொன்னார்.

எதிலிருந்து பார்க்கத் தொடங்குவது என்று கேட்டால், ‘தி கிரவுன்’ பார்த்தவர்கள் நேராக ‘பிராட்சர்ச்’ முதல் சீசனுக்குப் போகலாம். இரண்டாவது சீசன் நீதிமன்றத்துக்குள் போய்த் தளர்ந்துவிடுகிறது, விட்டாலும் நஷ்டமில்லை. அடுத்து ‘பீப் ஷோ’. முதல் இரண்டு அத்தியாயங்களில் அந்தக் கேமரா தலைசுற்ற வைக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். ‘டைரனோசார்’ படத்தை வீட்டில் குழந்தைகளோடு போட வேண்டாம். ஆரம்பத்திலேயே ஒரு நாய்க்கு நடக்கும் கொடுமை இருக்கிறது, பிறகு அது இன்னும் கடுமையாகும்.